சூரியச் சுழற்சிகளும் சுடர்வெடிப்புகளும்: கொடைக்கானல் பதிவுகள் முதல் ஆதித்யா வரை

(கொமரலிங்கத்தில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் அச்சு வடிவம்)

சூரியனின் முகத்தில் தோன்றும் கரும்புள்ளிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது. ஜெர்மனியில் மருந்துக்கடை நடத்திய ஹைன்ரிச் ஷ்வாபே, 1826 முதல் வானம் திறந்திருந்த நாளெல்லாம் சூரியனைப் பார்த்துப் புள்ளிகளை எண்ணி, 1843இல் இந்த ஏற்ற இறக்கத்தை அறிவித்தார். அவருக்குப் பின் ருடால்ஃப் வோல்ஃப் பழைய குறிப்புகளையெல்லாம் திரட்டி, 1755இல் தொடங்கிய சுழற்சிக்கு 1 என்று எண் கொடுத்தார். அந்தக் கணக்கின்படி இப்போது நடப்பது 25ஆம் சுழற்சி. 2019 டிசம்பரில் தொடங்கியது. ஒவ்வொரு சுழற்சியின் உச்சத்தை ஒட்டியும் சூரியனின் வட, தென் காந்தத் துருவங்கள் இடம் மாறுகின்றன. பழைய நிலைக்குத் திரும்ப இரண்டு சுழற்சிகள், அதாவது சுமார் 22 ஆண்டுகள் ஆகும்.

கரும்புள்ளி என்பது வலுவான காந்தப்புலம் மேற்பரப்பைத் துளைத்துக்கொண்டு வெளிவரும் இடம். அங்கே கீழிருந்து வெப்பம் மேலே வருவது தடைபடுவதால் சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ந்து கருத்துத் தெரிகிறது. எதிரெதிர்த் துருவமுள்ள புள்ளிகள் ஒரே கூட்டுக்குள் நெருக்கியடித்துக் கிடந்தால் காந்தக் கோடுகள் முறுக்கேறுகின்றன. முறுக்கு தாங்காத கட்டத்தில் கோடுகள் அறுபட்டு வேறு விதமாக இணைகின்றன. அதுவரை சேர்ந்திருந்த ஆற்றல் சில நிமிடங்களில் எக்ஸ் கதிராகவும் புற ஊதாக் கதிராகவும் ரேடியோ அலையாகவும் வெளிப்படுகிறது. இதுவே சுடர்வெடிப்பு.

இதனோடு பெரும்பாலும் சேர்ந்து வந்தாலும் இதுவே ஆகிவிடாத இன்னொன்று உண்டு. சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனாவிலிருந்து கோடிக்கணக்கான டன் மின்னேற்றப் பொருள் காந்தப்புலத்தையும் இழுத்துக்கொண்டு வெளியே வீசப்படும் கொரோனா உமிழ்வு அது. வெடிப்பின் ஒளி எட்டு நிமிடங்களில் பூமிக்கு வந்துவிடும். உமிழ்வு வந்துசேரப் பெரும்பாலும் முக்கால் நாள் முதல் மூன்று நாள்வரை ஆகும். அதுவும் பூமியை நோக்கி வீசப்பட்டால்தான் வரும். புவிக்காந்தப் புயலை உண்டாக்குவது இந்த உமிழ்வு. வெடிப்பையும் புயலையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் சுழற்சிகளை ஒப்பிடும் வேலை முதல் படியிலேயே தவறிவிடும்.

மனிதர் கண்ணால் கண்டு எழுதிவைத்த முதல் சுடர்வெடிப்பு 1859 செப்டம்பர் 1 அன்று நிகழ்ந்தது. இங்கிலாந்தில் ரிச்சர்ட் காரிங்டனும் ரிச்சர்ட் ஹாட்ஜ்சனும் தனித்தனியே அதைப் பார்த்தார்கள். புள்ளிக்கூட்டத்தின் மேல் வெண்ணொளி பளிச்சிட்டு ஐந்து நிமிடங்களில் அடங்கியது. சுமார் பதினேழரை மணி நேரம் கழித்துப் பூமியின் காந்தப்புலம் குலுங்கியது. லண்டன் பகுதியின் காந்தப் பதிவுக் கருவிகளில் கோடு தாளின் விளிம்பைத் தாண்டிப் போய்விட்டது. பம்பாய் கொலாபா ஆய்வகத்தில் தப்பிய பதிவு கிடைத்தது. அங்கே ஆட்கள் கண்ணால் பார்த்துக் கையால் குறித்த அளவுகளின்படி, கிடைமட்டக் காந்தப்புலம் சுமார் 1,600 நானோ டெஸ்லா சரிந்தது. காரிங்டன் நிகழ்வு எவ்வளவு பெரியது என்று இன்று உலகம் விவாதிக்கும்போது இந்த இந்தியப் பதிவைத் தொடாமல் பேச முடியாது. கொலாபாவின் பணி 1904இல் அலிபாகுக்கு மாற்றப்பட்டதற்குக் காரணம் பம்பாய்க்கு வரவிருந்த மின்சார டிராம். அதன் மின்னோட்டம் காந்த அளவீட்டைக் கெடுத்துவிடும் என்று ஊருக்கு வெளியே நகர்த்தினார்கள். அளவீட்டின் தொடர்ச்சியை அந்தத் தலைமுறை எவ்வளவு மதித்தது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

காரிங்டன் நிகழ்வு வந்த 10ஆம் சுழற்சி, புள்ளி எண்ணிக்கையில் நடுத்தரமானது. இந்த ஒரு செய்தியை மனதில் இருத்திக்கொண்டால் பின்னால் வருபவை எளிதில் விளங்கும்.

தமிழ்நாட்டில் சூரியனை நாள்தோறும் கவனிக்கும் வேலை பஞ்சத்திலிருந்து பிறந்தது. 1876–78இன் தாது வருடப் பஞ்சம் கொங்கு நாட்டையும் வாட்டியது. மழை பொய்ப்பதற்கும் சூரியப் புள்ளிகளுக்கும் தொடர்பு இருக்குமோ என்ற கேள்வி அரசின் முன் எழுந்தது. சென்னை வானாய்வகத்தின் மிச்சி ஸ்மித் மலை உச்சிகளை ஆராய்ந்து கொடைக்கானலைத் தேர்ந்தார். கடல்மட்டத்திலிருந்து 2,343 மீட்டர் உயரத்தில் அமைந்த அந்த ஆய்வகம் 1901இல் முறையான பணியைத் தொடங்கியது. கொமரலிங்கத்தில் அமராவதிக் கரையில் நின்றால் தெற்கே தெரியும் மலைத்தொடரின் கிழக்குப் பகுதி, பழனி மலை. அதன் மேல்தான் கொடைக்கானல் இருக்கிறது. உலகிலேயே நீண்ட சூரியப் படத் தொடர்களுள் ஒன்று இவ்வூருக்கு இவ்வளவு அருகில் உள்ளது.

1904 முதல் அங்கே சூரியனின் வெண்ணொளிப் படங்கள் எடுக்கப்படுகின்றன. சில ஆண்டுகளுக்குள் கால்சியம் கோட்டின் ஒளியிலும், 1912 முதல் ஹைட்ரஜனின் எச்-ஆல்ஃபா ஒளியிலும் படமெடுப்பு சேர்ந்தது. வெண்ணொளிப் படத்துக்கு 1918 முதல் 15 சென்டிமீட்டர் வில்லை கொண்ட ஒரே அமைப்பு பயன்பட்டுவருகிறது. கண்ணாடித் தட்டில் விழும் சூரிய உருவத்தின் விட்டம் 20.4 சென்டிமீட்டர். அந்தத் தட்டில் பூமியை வைத்தால் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான பொட்டாக இருக்கும். 2024 மே மாதத்தில் உலகையே திரும்பிப் பார்க்கவைத்த 13664 எண் புள்ளிக்கூட்டம் பூமியைப் போலப் பதினைந்து மடங்கு நீளமுள்ளது. தட்டின் கணக்கில் அது மூன்று சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 1947 ஏப்ரலில் தோன்றி, அளக்கப்பட்டவற்றுள் மிகப் பெரியதாக இன்றும் நிற்கும் கூட்டம் இதைவிடப் பரந்தது. சூரியனின் தெரியும் பாதிக்கோளத்தில் பத்து லட்சத்துக்கு 6,132 பங்கை அது மூடியது.

இத்தொடரின் அருமை அதன் மாறாத்தன்மையில் இருக்கிறது. 14ஆம் சுழற்சியின் ஏறுமுகத்திலிருந்து 25 வரை பன்னிரண்டு சுழற்சிகளை ஒரே மலையிலிருந்து, பெரும்பகுதி ஒரே கருவியால் பார்த்த இடங்கள் உலகில் மிகச் சில. ஜான் எவர்ஷெட் 1909 ஜனவரியில் கரும்புள்ளிகளின் விளிம்பில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தது இங்கேதான். பிற்காலத்தில் கே.ஆர். சிவராமன் முதலியோர் இந்தத் தட்டுகளிலிருந்து புள்ளிகளின் பரப்பையும் சாய்வையும் அளந்தார்கள். எச்-ஆல்ஃபா படங்களில் தெரியும் இழைகள் துருவம் நோக்கி நகர்வதை வைத்து, காந்தமானி இல்லாத காலத்தின் துருவ மாற்றங்களையும் கணித்தார்கள். தட்டுகள் இப்போது எண்ணிம வடிவில் உலகெங்கும் ஆய்வாளர்களுக்குக் கிடைக்கின்றன.

ஆனால் சுடர்வெடிப்புகளை எண்ண இத்தட்டுகள் போதா. ஒரு நாளில் எடுக்கப்படுபவை சில படங்களே. வெடிப்போ பல நேரம் அரை மணிக்குள் முடிந்துவிடுகிறது. மழைக்காலத்தில் மேகம் நாள்கணக்கில் மூடும்; இரவில் சூரியன் வேறு நாட்டுக்கு உரியது. 1920களில் அமெரிக்க வானியலாளர் ஜார்ஜ் ஹேல் உருவாக்கிய நிறமாலைச் சூரியநோக்கி வந்த பிறகே, கண்காணிப்பாளர் கண்ணை எடுக்காமல் எச்-ஆல்ஃபா ஒளியில் வெடிப்பை எதிர்பார்த்திருக்கும் முறை பல நாடுகளில் பரவியது. வெடிப்பு மூடிய பரப்பையும் பளபளப்பையும் வைத்து 1, 2, 3 என்று தரம் பிரித்தார்கள். பார்ப்பவரின் கண்ணும் அன்றைய வானமும் அந்தத் தரத்தில் கலந்திருந்தன. ஆகவே 1930க்கு முந்தைய சுழற்சிகளின் வெடிப்புகளை நேரடியாக ஒப்பிட வழியில்லை. அவை விட்டுச்சென்ற காந்தப் புயல்களின் வழியாகவே ஊகிக்க வேண்டும்.

அந்த வழியில் பார்த்தால் முதலில் வந்து நிற்பது 1909 செப்டம்பர் 25. 14ஆம் சுழற்சி இருபதாம் நூற்றாண்டிலேயே வலுக்குறைந்தது. அதன் சீராக்கிய உச்சப் புள்ளி எண் 107தான். அப்படிப்பட்ட சுழற்சியின் இறங்குமுகத்தில் தந்தித் தொடர்புகளை நிறுத்திய பெரும்புயல் வந்தது. அடுத்த 15ஆம் சுழற்சியும் பெரிதல்ல. அதன் உச்சம் தாண்டி ஏறத்தாழ நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1921 மே 14–15இல் வந்த புயல் நியூயார்க் ரயில்வேயின் சைகைகளைக் குலைத்தது. அந்த நூற்றாண்டின் மிகக் கடுமையான புயலாக அதையே பலர் கணிக்கிறார்கள். மாறாக, பதிவிலேயே உயர்ந்த 19ஆம் சுழற்சி 1958இல் 285 என்ற உச்சத்தைத் தொட்டது. சர்வதேசப் புவிஇயற்பியல் ஆண்டும் அந்த உச்சத்தின்மேல் வந்து அமைந்தது. அச்சுழற்சியில் வெடிப்புகளும் புயல்களும் நிறைய. 1956 பிப்ரவரி 23இன் அதிவேகத் துகள் பொழிவை இன்றுவரை எதுவும் மிஞ்சவில்லை. ஆனாலும் 1859, 1921 அளவுக்கு ஒரு புயல் அதில் இல்லை.

20ஆம் சுழற்சியின் 1972 ஆகஸ்ட் 4 தனியே நிற்கிறது. உமிழ்வு 15 மணி நேரத்துக்கும் குறைவான காலத்தில் பூமியை எட்டியது. வியட்நாம் கடலில் அமெரிக்கக் கடற்படை விதைத்திருந்த காந்தக் கண்ணிவெடிகள் தாமாகவே வெடித்தன. அப்போலோ 16 ஏப்ரலில் திரும்பியிருந்தது, 17 டிசம்பரில்தான் புறப்பட்டது. அந்த இடைவெளி மனிதர்களுக்கு வாய்த்த நல்லூழ்.

1970களின் நடுவிலிருந்து அமெரிக்காவின் கோஸ் வரிசைச் செயற்கைக்கோள்கள் இரவு பகல் இல்லாமல் சூரியனின் எக்ஸ் கதிரை அளந்துவருகின்றன. ஏ, பி, சி, எம், எக்ஸ் என ஐந்து வகுப்புகள். ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பத்து மடங்கு. எக்ஸ் 1 என்றால் ஒரு சதுர மீட்டருக்கு பத்தாயிரத்தில் ஒரு வாட். எக்ஸ் 10 அதன் பத்து மடங்கு. அதற்கு மேல் வேறு எழுத்து இல்லை.

இந்த அளவையில் 22, 23ஆம் சுழற்சிகள் முன்னணியில் உள்ளன. உச்ச எண் 212 கொண்ட 22ஆம் சுழற்சியில், 1989 மார்ச் 6 அன்று எக்ஸ் 15, ஆகஸ்ட் 16 அன்று எக்ஸ் 20. 1991 ஜூனில் ஒரே புள்ளிக்கூட்டம் எக்ஸ் 12 என்று பதிவான வெடிப்புகளை இரண்டு வாரத்தில் ஐந்து முறை தந்தது. 180ஐத் தொட்ட 23ஆம் சுழற்சியில் 2001 ஏப்ரல் 2 அன்று எக்ஸ் 20, 2003 அக்டோபர் 28 அன்று எக்ஸ் 17. அடுத்த வாரம், நவம்பர் 4 அன்று வந்த வெடிப்பில் கோஸின் உணரி நிறைந்து பல நிமிடங்கள் அளக்க முடியாமல் நின்றது. எக்ஸ் 28 என்று மதிப்பிட்டார்கள். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பூமியின் அயனி மண்டலம் அன்று எவ்வளவு கீழிறங்கியது என்பதைத் தாழ் அதிர்வெண் ரேடியோ அலைகளால் கணக்கிட்டு, எக்ஸ் 45 வரை இருக்கலாம் என்றார்கள். செயற்கைக்கோள் திணறிய இடத்தில் பூமியின் வளிமண்டலமே அளவுகருவியானது.

பிறகு சூரியன் அடங்கியது. 2008, 2009 ஆகிய ஆண்டுகள் ஒவ்வொன்றிலும் 250 நாள்களுக்கு மேல் ஒரு புள்ளிகூட இல்லை. 24ஆம் சுழற்சி 116 என்ற உச்சத்தோடு ஒரு நூற்றாண்டில் காணாத தணிவைக் காட்டியது. பதினோரு ஆண்டுகளில் 49 எக்ஸ் வெடிப்புகள். பெரியது 2017 செப்டம்பர் 6இன் எக்ஸ் 9.3. நடப்புச் சுழற்சியும் இதே அளவில்தான் இருக்கும் என்று முன்கணித்தார்கள். ஆனால் சீராக்கிய எண் 2024 அக்டோபரில் 161ஐத் தொட்டது. 2024 என்ற ஓராண்டில் மட்டும் எக்ஸ் வெடிப்புகள் ஐம்பதைத் தாண்டின. முந்தைய சுழற்சி முழுவதையும் ஒரே ஆண்டு மிஞ்சிவிட்டது என்ற செய்தி உலகெங்கும் பரவியது.

அந்தச் செய்தியை அப்படியே ஏற்கக் கூடாது. கோஸ் 8 முதல் 15 வரையிலான செயற்கைக்கோள்களின் எக்ஸ் கதிர் அளவுகள், முந்தைய செயற்கைக்கோள்களின் கணக்கோடு பொருந்துவதற்காக 0.7ஆல் பெருக்கி வெளியிடப்பட்டவை. கோஸ் 16 முதல் அந்தச் சரிக்கட்டல் கைவிடப்பட்டு உண்மை அளவே தரப்படுகிறது. ஒரு பையரின் ‘எல்’ அளவும் இன்னொரு பையரின் ‘எல்’ அளவும் ஒன்றல்ல என்பது திருப்பூரில் பனியன் வெட்டுபவர்களுக்குத் தெரியும். அளவுப் பட்டியலைப் பார்க்காமல் கட்டிங் மேசையில் துணி விரிவதில்லை. இங்கேயும் அதே கவனம் வேண்டும். பழைய எக்ஸ் 9.3ஐ 0.7ஆல் வகுத்தால் இன்றைய அளவில் எக்ஸ் 13.3. 2024 அக்டோபர் 3இன் எக்ஸ் 9.0ஐப் பழைய அளவுக்குக் கொண்டுபோனால் எக்ஸ் 6.3. ஆக, 2024இன் மிகப் பெரிய வெடிப்பு, தணிந்ததாகச் சொல்லப்படும் 24ஆம் சுழற்சியின் மிகப் பெரிய வெடிப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். எண்ணிக்கையும் அப்படியே: இன்று எக்ஸ் 1.0 முதல் 1.4 வரை பெயர் பெறுபவை பழைய கணக்கில் எம் வகுப்பில் அடங்கியிருக்கும். 2003இன் எக்ஸ் 28 இன்றைய அளவில் எக்ஸ் 40 ஆகிறது. ஆக, 25ஆம் சுழற்சி புள்ளிகளில் 24ஐத் தெளிவாக மிஞ்சுகிறது. தனி வெடிப்பின் வலுவில் 2024 முடியும்வரை மிஞ்சவில்லை.

வெடிப்பின் வகுப்பும் புயலின் கடுமையும் ஒத்துப்போகாததற்கு இந்த நாற்பது ஆண்டுகளிலேயே சான்றுகள் குவிந்துள்ளன. 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக்கில் 60 லட்சம் மக்களுக்கு ஒன்பது மணி நேரம் மின்சாரம் இல்லை. அதற்குக் காரணமாகக் கருதப்படுவது மார்ச் 10இன் எக்ஸ் 4.5, நான்கு நாள் முந்திய எக்ஸ் 15 அல்ல. 2003 நவம்பர் 20இன் புயல், அக்டோபர் கடைசியில் எக்ஸ் 17க்குப் பின் வந்த புயல்களைவிட ஆழமானது. அதை எழுப்பியது எம் வகுப்பு வெடிப்பு. 2014 அக்டோபரில் தோன்றிய 12192 எண் புள்ளிக்கூட்டம் 24ஆம் சுழற்சியிலேயே பெரியது. ஆறு எக்ஸ் வெடிப்புகளைத் தந்தும் பூமிக்கு ஒரு புயலையும் அனுப்பவில்லை. அதற்கு நேர்மாறானது 2024 மே 10: எக்ஸ் 1, 2 அளவிலான வெடிப்புகளோடு ஒரே திசையில் வரிசையாகக் கிளம்பிய உமிழ்வுகள் வழியில் ஒன்றையொன்று எட்டிப்பிடித்து மொத்தமாக மோதின. இரண்டு பத்தாண்டுகளில் மிகக் கடுமையான அந்தப் புயலில், லடாக்கின் ஹன்லேயிலும் வானம் சிவந்தது. இந்திய வான்இயற்பியல் நிறுவனத்தின் கேமராக்கள் அதைப் பதிவு செய்தன.

சுழற்சிகளை அடுக்கிவைத்துப் பார்க்கும்போது மிக உறுதியாகத் தெரிவது காலம் பற்றியது. பெரும் வெடிப்புகள் உச்சத்தில் மட்டும் வருவதில்லை; உச்சம் கடந்து இறங்கும் ஆண்டுகளில் அடிக்கடி வருகின்றன. 1972, 2003, 2017 மூன்றும் இறங்குமுகத்தில் வந்தவை. 2005 ஜனவரியின் எக்ஸ் 7ம் 2006 டிசம்பரின் எக்ஸ் 9ம்கூட அப்படியே. பின்னது சுழற்சியின் வாலில் வந்தது. புள்ளிகள் குறைந்த காலத்திலும் சிக்கலான ஒரே ஒரு கூட்டம் போதும். உச்சம் முடிந்துவிட்டது, இனி அச்சமில்லை என்று சொல்வதற்கு வரலாற்றில் ஆதாரம் இல்லை.

தமிழ்நாட்டின் தெற்குப் பகுதி காந்த நடுக்கோட்டை ஒட்டியுள்ளதால் சுடர்வெடிப்பின் விளைவு இங்கே தனித்தன்மை பெறுகிறது. சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில், பகல் வேளையில் கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் பாய்கிறது. வெடிப்பின் கதிர்கள் பட்டதும் அந்த அடுக்கின் மின்கடத்தல் கூடி ஓட்டம் திடீரென வலுக்கிறது. கொடைக்கானல், திருநெல்வேலி காந்தப் பதிவுகளில் அது சட்டென்று எழும் ஒரு கூர்முனையாகத் தெரியும். அதே நேரத்தில் அயனி மண்டலத்தின் அடித்தளம் தடித்துப் பகல் பக்கத்தின் சிற்றலை வானொலித் தொடர்பு அறுந்துபோகிறது, ஜி.பி.எஸ். அளவும் தடுமாறலாம். மின்கட்டமைப்புக்கு கியூபெக் போன்ற உயர் அட்சரேகை நாடுகளில் உள்ள ஆபத்து இங்கே குறைவு.

ஊட்டி முத்தோரையில் 530 மீட்டர் நீளமுள்ள ரேடியோ தொலைநோக்கி, தொலைதூர மூலங்களின் மினுமினுப்பை அளந்து, சூரியனிலிருந்து கிளம்பிய உமிழ்வுகளை நடுவழியிலேயே தேடிப்பிடிக்கிறது. அதே ஊரின் கிரேப்ஸ்-3 கருவி, 2015 ஜூன் 22 அன்று பூமியின் காந்தக் கவசம் இரண்டு மணி நேரம் தளர்ந்ததை, கூடுதலாக வந்த மியூவான் துகள்களால் உணர்த்தியது. 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட ஆதித்யா எல்-1 விண்கலம், 2024 ஜனவரி 6 அன்று 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் தன் இடத்தை அடைந்தது. செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் சாஜி அப்போது அதன் திட்ட இயக்குநராக இருந்தார். அதிலுள்ள ஹீலியோஸ், சோலெக்ஸ் கருவிகள் வெடிப்பின் எக்ஸ் கதிர்களை நேரடியாக அளக்கின்றன. 25ஆம் சுழற்சியின் வெடிப்புகளுக்கு இந்தியா தானே வைத்திருக்கும் தொடர் எக்ஸ் கதிர்க் கணக்கு இது.

ஒரு புதிய கருவியின் அளவுகளைப் பழையவற்றோடு இணைக்க இரண்டும் சில ஆண்டுகளாவது ஒரே சூரியனை ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். கொடைக்கானலில் 2014 முதல் புதிய எச்-ஆல்ஃபா தொலைநோக்கி இயங்குகிறது. நூற்றாண்டுப் பழமையான வெண்ணொளித் தொலைநோக்கியும் ஓய்வு பெறவில்லை. இரண்டையும் சேர்த்து இயக்குவதற்குச் செலவிடும் பணம் வீணல்ல. 25ஆம் சுழற்சியின் இறங்குமுகம் இன்னும் முடியவில்லை. அதன் மிகப் பெரிய வெடிப்பு எது என்பதை 2030 வாக்கில், அடுத்த தாழ்நிலை வந்த பின்புதான் எழுத முடியும்.